செக்கிங் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு திறன் சோதனை: நாமே அமைப்பது எப்படி?

ஐம்பது டி-ஷர்ட், நல்ல வெளிச்சமுள்ள ஒரு டேபிள், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. உங்கள் முதல் உளவியல் சோதனையை அமைக்க இவ்வளவு போதும்.

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "நல்ல ஆப்டிடியூட் டெஸ்ட் ஏதாவது இருந்தா அனுப்புங்களேன்" என்பதுதான். எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்டால், "பொதுவா, எல்லாத்துக்கும்" என்று பதில் வருகிறது. எனக்கு மனசு கேட்காத இடம் அது. சோதனை வேலையிலிருந்து பிறக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த கேள்வித்தாளை வைத்து ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிப்பது நியாயமே இல்லை.

இந்தப் பதிவில் செக்கிங் வேலையை எடுத்துக்கொள்கிறேன். தைத்து வந்த பீஸைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், கலர் மாற்றம் இதையெல்லாம் பிடித்து ஒதுக்குகிற வேலை. புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். நடுவில் வரும் எண்கள், வேறு மாதிரி சொல்லாத இடங்களில், கணக்குப் பழகுவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

படி 1: வேலை நடக்கும் இடத்தில் போய் உட்காருங்கள்

குறைந்தது இரண்டு நாள். ஒரு நாள் காலையில், ஒரு நாள் மதியத்துக்கு மேல். அனுபவமுள்ள ஒரு செக்கரின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது என்று அப்படியே எழுதுங்கள். என் நோட்டில் இருந்து ஒரு பகுதி:

"தோள் பக்கம் பிடித்து ஒரு உதறு. முன்பக்கத்தை டேபிளில் விரிக்கிறார். கழுத்துப் பட்டியில் தொடங்கி தோள், கை, பக்கத் தையல், கீழ்மடிப்பு என்று ஒரே சுற்று. விரல் நுனி தையல் மேல் ஓடுகிறது, கண் அதற்குக் கொஞ்சம் முன்னால் போகிறது. உள்ளே கைவிட்டு விரித்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்குகிறார். ஊசி ஓட்டை அப்போதுதான் தெரிகிறது. அந்த இடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கர். பீஸ் தனிக் கூடைக்குப் போகிறது."

அடுத்து சூப்பர்வைசரிடம் பேசுங்கள். "நல்ல செக்கர் எப்படி இருக்கணும்?" என்று கேட்டால் "பொறுப்பா இருக்கணும்" என்பார். அதை வைத்து எதையும் அளக்க முடியாது. "கடைசியாக ஒருத்தர் தவறவிட்ட குறை எது? அப்போது என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஜான் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப் படைக்காகச் செய்த ஆய்வுகளில் வளர்த்து, 1954இல் எழுதி வெளியிட்ட முறை இது. நடந்த சம்பவத்தைக் கேட்டால் ஆட்கள் நிஜத்தைச் சொல்வார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு விட்டுப்போகிறது, அடர் நிறத்தில் எண்ணெய்க் கறை தெரியவில்லை, லைனில் இருந்த டெய்லர் சத்தம் போட்டதால் சந்தேகமான பீஸை விட்டுவிட்டார் என்று வரும்.

இவற்றைத் திறன்களாகப் பிரியுங்கள். கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கும் கண், நிற வேறுபாடு காணுதல், சட்டென்று வித்தியாசம் பிடிக்கும் வேகம், நீண்ட நேரம் சிதறாத கவனம், யார் கத்தினாலும் குறையைக் குறை என்று சொல்லும் உறுதி. இந்தப் பட்டியலில் ஆங்கிலம் வாசிப்பது இருக்கிறதா? வட்டிக் கணக்கு இருக்கிறதா? இல்லை என்றால் சோதனையிலும் இருக்கக் கூடாது.

ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் ஹியூகோ மன்ஸ்டர்பெர்க், நூறு வருஷத்துக்கு முன்பு போஸ்டன் நகரத்து டிராம் ஓட்டுநர்களுக்குச் சோதனை அமைத்தபோதும் இப்படித்தான் வேலையைப் பிரித்துப் பார்த்துத் தொடங்கினார். கை வேகத்தை மட்டும் அளந்தால் போதாது, தெருவில் நகரும் ஆட்களையும் வண்டிகளையும் கவனத்தில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பதுதான் அங்கே முக்கியம் என்று கண்டார்.

படி 2: வேலைக்குப் புள்ளி போடுங்கள்

ஆளை அளப்பதற்கு முன்னால் வேலையை மதிப்பிட வேண்டும். எளிதானது புள்ளி முறை. நான்கு தலைப்புகள்: திறன் 40, உழைப்பு 20, பொறுப்பு 25, வேலைச் சூழல் 15. மொத்தம் 100. இரண்டு மூன்று பேர் தனித்தனியாகப் புள்ளி போட்டு, அப்புறம் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதில் ஒருவர் அந்த வேலையைச் செய்கிறவராக இருக்கட்டும்.

பவர் டேபிள் டெய்லர் (மோட்டார் தையல் மெஷினில் தைப்பவர்): 34 + 13 + 14 + 9 = 70.
செக்கிங்: 24 + 15 + 21 + 6 = 66.
அயர்னிங்: 20 + 18 + 12 + 14 = 64.

செக்கிங்கின் "உழைப்பு" வரியைப் பாருங்கள். 15 போட்டிருக்கிறேன். உழைப்பு என்றால் தூக்குவது, இழுப்பது மட்டும்தான் என்று நினைப்பவர் அங்கே 6 போடுவார். மொத்தம் 57 ஆகிவிடும். அயர்னிங்குக்குக் கீழே போய்விடும். நாள் முழுக்க நின்றுகொண்டு, கண்ணை ஒரு சாண் தூரத்தில் குத்தவைத்துப் பார்ப்பது உழைப்பு இல்லையா? பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலைகள் கூலியில் கீழே தங்கிவிடுவதற்கு இந்த ஒரு வரியும் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை, வேலைகளை அவற்றில் உள்ள உழைப்பை வைத்துப் பாரபட்சமில்லாமல் மதிப்பிடுவதை ஊக்குவிக்கச் சொல்கிறது. இந்தியா அதை 1958இல் ஏற்றுக்கொண்டது. அதனால் புள்ளித்தாளைக் கோப்பில் பத்திரமாக வையுங்கள். யார் கேட்டாலும் காட்டும்படி இருக்க வேண்டும்.

படி 3: ஐம்பது பீஸைத் தயார் செய்யுங்கள்

வேலையின் ஒரு துண்டையே சோதனையாக வைப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், பின்னாளில் நன்றாக வேலை செய்வாரா என்று முன்கூட்டியே சொல்வதில் இத்தகைய மாதிரி வேலைச் சோதனை முன்னணியில் இருந்தது. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது கிட்டத்தட்டப் பூஜ்யம். 2022இல் வேறொரு குழு அந்தக் கணக்கைத் திருத்தியபோது எண்கள் இறங்கின, திட்டமிட்ட நேர்காணல் (எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது) முதலிடத்துக்கு வந்தது. ஆனாலும் மாதிரி வேலை நல்ல இடத்திலேயே இருக்கிறது.

50 பீஸில் 12இல் மட்டும் குறை இருக்கட்டும். ஊசி ஓட்டை 3, கறை 3, தையல் விட்டது 3, கலர் மாற்றம் 2, கை நீளம் மாறியது 1. எளிதானதும் கடினமானதும் கலந்து இருக்க வேண்டும். வாஷ் கேர் லேபிளின் பின்பக்கம் எண் எழுதி, எந்த எண்ணில் என்ன குறை என்று ஒரு பட்டியலும் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் 25 நிமிடம், அதாவது பீஸுக்கு 30 நொடி.

மதிப்பெண் போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிடித்த குறைகளை மட்டும் எண்ணாதீர்கள். ஒருவர் 22 பீஸை ஒதுக்கி 12 குறையையும் பிடிக்கலாம். ஆனால் 10 நல்ல பீஸும் அந்தக் கூடையில் இருக்கும். இன்னொருவர் 9 குறையைப் பிடித்து, ஒரே ஒரு நல்ல பீஸைத் தவறாக ஒதுக்கியிருப்பார். பிடித்ததில் இருந்து தவறாக ஒதுக்கியதைக் கழியுங்கள். முதலாமவருக்கு 2, இரண்டாமவருக்கு 8. செக்கிங் டேபிள் எப்படிப்பட்டவரைக் கேட்கிறது என்பது இப்போது எண்ணிலேயே தெரியும்.

நிறப் பார்வைக்குத் தனியாக இஷிஹாரா தட்டுகள் இருக்கின்றன. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்குமே, அதுதான். சிவப்பு-பச்சைக் குறைபாட்டை அது காட்டும். நுணுக்கமான கலர் வேறுபாடு காண வேண்டிய இடங்களில், 85 வண்ண மூடிகளை வரிசைப்படுத்தச் சொல்லும் ஃபார்ன்ஸ்வொர்த்-மன்செல் சோதனையை வைக்கிறார்கள். அளவான கலர் வேலைதான் என்றால் இஷிஹாரா போதும்.

குண வகை சொல்லும் வினாத்தாள்கள் வேண்டாம். பிரபலமான மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை ஆள் எடுக்கப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. நுண்ணறிவுச் சோதனை போன்றவற்றைப் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் விட்டுவிடுங்கள்.

படி 4: எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்துங்கள்

ஒரே டேபிள், ஒரே விளக்கு, ஒரே நேர அளவு, சொல்லும் வார்த்தைகளும் ஒன்றே. வார்த்தைகளைத் தாளில் எழுதி வைத்துப் படிப்பது நல்லது. முதலில் 5 பழகும் பீஸ் கொடுங்கள், அதற்கு மதிப்பெண் இல்லை.

மொழியில் கவனம் தேவை. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். தமிழில் வேகமாகச் சொல்லிவிட்டு ஸ்டாப்வாட்சை அமுக்கினால், நீங்கள் அளப்பது அவர்களுடைய தமிழைத்தான். 1917-18இல் அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான சிப்பாய்களைச் சோதித்தபோது, படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் 'பீட்டா' என்ற தனிச் சோதனையை வைத்து, சைகையாலும் செய்து காட்டியும் விளக்கியது. நாமும் ஒரு பீஸை எடுத்து முழுச் சுற்றும் பார்த்து, குறையில் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டினால் யாருக்கும் புரியும்.

இன்னொன்று. வருகிறவர் வேலை கிடைக்குமா என்ற பயத்தோடு வந்திருக்கிறார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இது எதற்கு, முடிவை யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நடுங்கும் கையை அளந்து ஒரு பயனும் இல்லை.

படி 5: அளவுகோல் ஆடுகிறதா என்று பாருங்கள்

புதியவர்களுக்கு வைப்பதற்கு முன்னால், ஏற்கெனவே வேலையில் இருக்கும் 8 செக்கர்களுக்கு வையுங்கள். ஒரு வாரம் கழித்து, பீஸ்களின் வரிசையைக் கலைத்து மறுபடி வையுங்கள். இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே முடிவு வந்தால் அதற்கு நம்பகத்தன்மை இருக்கிறது.

முதல் வாரம் 1 முதல் 8 வரை இடம் பிடித்தவர்கள், அடுத்த வாரம் முறையே 2, 1, 5, 3, 4, 8, 6, 7ஆம் இடத்தில் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் இட வித்தியாசத்தை எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள்: 1, 1, 4, 1, 1, 4, 1, 1. கூட்டினால் 14. இதை 6ஆல் பெருக்கினால் 84. கீழே வகுக்கும் எண்: ஆட்கள் 8, அதன் வர்க்கத்தில் ஒன்று குறைய 63; 8 × 63 = 504. 84ஐ 504ஆல் வகுத்தால் 0.17. ஒன்றில் இருந்து கழித்தால் 0.83. இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க, உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் 1904இல் கொடுத்த தர ஒட்டுறவுக் கணக்கு இது. இரண்டு வரிசையும் அப்படியே ஒன்றாக இருந்தால் 1 வரும். 0.8க்கு மேல் வந்தால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம். 0.5 வந்தால் பீஸ்களை மாற்றி அமையுங்கள். பெரும்பாலும் சில குறைகள் தெளிவில்லாமல், குறையா இல்லையா என்று சண்டை வரும்படி இருக்கும்.

படி 6: வேலையோடு ஒத்துப்போகிறதா?

ஆடாத அளவுகோல் தவறான பொருளையும் ஆடாமல் அளக்கும். அதனால் ஏற்புடைமையைப் பார்க்க வேண்டும். சோதனையில் முன்னால் வந்தவர் வேலையிலும் முன்னால் இருக்கிறாரா?

வேலையில் யார் சிறந்தவர் என்பதை சூப்பர்வைசரின் பிரியத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு செக்கரும் பாஸ் செய்த பீஸ்களில், இறுதித் தணிக்கையில் எத்தனை திரும்பி வந்தன என்ற கணக்கை ஒரு மாதத்துக்கு எடுங்கள். தணிக்கை செய்கிறவருக்குச் சோதனை மதிப்பெண் தெரியவே கூடாது. தெரிந்தால் அவர் கண் அதற்கேற்ப வளையும். பிறகு, குறைவாகத் திரும்பி வந்தவருக்கு முதல் இடம் என்று வரிசைப்படுத்தி, மேலே சொன்ன அதே கணக்குத்தான். வித்தியாச வர்க்கங்களின் கூட்டுத்தொகை 44 வந்தால் விடை 0.48. நம்பகத்தன்மைக்கு இது குறைவு, ஏற்புடைமைக்கு இது நல்ல எண். 8 பேரை வைத்து வந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். புதிதாகச் சேர்பவர்களின் கணக்கையும் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் 1971ஆம் ஆண்டின் ஒரு அமெரிக்க வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வட கரோலினாவில் இருந்த ட்யூக் பவர் என்ற மின் நிறுவனம், நல்ல பிரிவுகளில் சேரப் பள்ளி இறுதிச் சான்றிதழும் இரண்டு எழுத்துத் தேர்வுகளும் வேண்டும் என்றது. கறுப்பினத் தொழிலாளர்களை அது பெருமளவில் வெளியே தள்ளியது. வேலையோடு தொடர்பு இருப்பதாக நிரூபிக்க முடியாத சோதனை இப்படி ஒரு பகுதியினரை ஒதுக்குமானால் அது செல்லாது, நோக்கம் கெட்டதாக இல்லாவிட்டாலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊர் போர்டுகளில் "பத்தாவது பாஸ்" என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த வழக்கு நினைவுக்கு வருகிறது.

படி 7: மதிப்பெண்ணுக்கு அர்த்தம் கொடுங்கள்

8 என்பது நல்லதா? குழுவின் சராசரி தெரியாமல் சொல்ல முடியாது. சராசரி 7, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியில் இருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்ற அளவு) 2 என்று வைப்போம். 9 எடுத்தவர் சராசரியைவிட ஒரு விலக்கம் மேலே. சராசரியை 50 ஆகவும் ஒரு விலக்கத்தை 10 ஆகவும் மாற்றி எழுதினால் அவருக்கு 60. இதுதான் டி-மதிப்பெண்.

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வு எழுதியவர்களுக்கு இது பழகிய சொல். கணினி வழித் திறன் சோதனையில் ஒவ்வொரு சோதனையிலும் தனித்தனியாக 42 எடுக்க வேண்டும், யாருக்கும் தளர்வு கிடையாது. 42 என்றால் சராசரிக்கு 0.8 விலக்கம் கீழே. நம் உதாரணத்தில் அது 5.4. நினைவாற்றலில் அள்ளிய மதிப்பெண்ணை வைத்துக் கவனக் குறைவை ஈடுகட்ட முடியாது என்பதுதான் தனித்தனியாகக் கேட்பதன் காரணம். ரயில் ஓட்டுபவருக்கு அது சரியான விதி. செக்கிங்கில் நிறப் பார்வைக்கு மட்டும் அப்படி ஒரு கோடு போடலாம். அதில் வராதவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை, பிசிறு வெட்டவோ பேக்கிங்குக்கோ எடுத்துக்கொள்ளலாம். மற்றதற்கு, கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே இருப்பவருக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து மறுபடி வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, அந்த 50 பீஸையும் வெளிச்சம் படாத அட்டைப்பெட்டியில் பூட்டி வையுங்கள். எண் பட்டியல் வேறு இடத்தில் இருக்கட்டும். பல கை பட்டுக் கறை மங்கும், ஊசி ஓட்டை பெரிதாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, கெட்டதை மாற்றிவிட்டு, படி 5ஐ மறுபடி செய்யுங்கள்.