சுப்பீரியர் ஏரியின் வடகரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸிலிருந்து டுலூத் நகருக்குக் காரில் இரண்டரை மணி நேரம். அங்கே தொடங்கி கனடா எல்லை வரை சுப்பீரியர் ஏரியின் வடகரையோடு போகும் 61-ஆம் எண் நெடுஞ்சாலை இன்னும் சுமார் 150 மைல். காலையில் கிளம்பி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம் என்று போகிறவர்கள் பெரும்பாலும் கார் கண்ணாடி வழியாகத்தான் ஏரியைப் பார்க்கிறார்கள். ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் வழியில் வரும் டெட்டகூச் மாநிலப் பூங்காவோடு திரும்பிவிடுங்கள்.

வழியிலுள்ள தகவல் மையங்களில் கழிவறைக்கு மட்டும் இறங்குவது அதைவிடப் பெரிய தவறு. டுலூத்துக்குள் நுழையுமுன் தாம்சன் ஹில் மேட்டில் ஒரு மையம் இருக்கிறது. ஊரும் துறைமுகமும் ஏரியும் அங்கிருந்து ஒருசேரத் தெரியும். காகித வரைபடம் ஒன்றை அங்கேயே எடுத்துக்கொள்வது நல்லது. டுலூத்துக்கு அப்பால் வரும் டூ ஹார்பர்ஸ் ஊரைத் தாண்டினால் பல இடங்களில் செல்போனுக்கு சிக்னல் வராது. கூஸ்பெரி, டெட்டகூச் பூங்காக்களின் மையங்களும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இளைப்பாறும் இடங்கள்தான். எந்தப் பாதை சேறாகிக் கிடக்கிறது, எந்த அருவியில் இன்று தண்ணீர் நன்றாக விழுகிறது என்று முகப்பில் இருப்பவரிடம் கேளுங்கள். சென்ற வருடம் யாரோ எழுதிவைத்த இணைய விமர்சனத்தில் அது கிடைக்காது.

டுலூத்தின் ஏரிக்கரையில் உள்ள கேனல் பார்க் பகுதியில் பலரும் தூக்குப் பாலத்தோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பாலத்தை ஒட்டியே ராணுவப் பொறியாளர் படை நடத்தும் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் எப்போது வரும், எப்போது போகும் என்பதை முதலில் பார்த்துக்கொண்டு அதற்கேற்றபடி சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அடி நீளக் கப்பல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நகர்ந்து போக, அதன் ஊதலுக்குப் பாலம் பதில் ஊதுவதைப் பிள்ளைகள் லேசில் மறக்கமாட்டார்கள்.

டுலூத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். ஜிபிஎஸ் நேரம் மிச்சம் என்று நான்குவழிச் சாலையைக் காட்டும்; அதில் போனால் டூ ஹார்பர்ஸ் வரை மரங்கள்தான். கரையோரப் பழைய சாலையில் போங்கள். ஏரியும் தெரியும், புகையூட்டிய மீன் விற்கும் கடையும் வரும்.

கட்டண விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். கூஸ்பெரி மைய வாகன நிறுத்தத்துக்குப் பூங்கா அனுமதிச்சீட்டு தேவையில்லை, அருவிகளும் அங்கிருந்து சிறு நடைதான். ஸ்பிளிட் ராக்கில் கதை வேறு. 1905 நவம்பர் புயலில் பல கப்பல்கள் சேதமானதால் கட்டப்பட்டு, 1910-இல் இயங்கத் தொடங்கிய கலங்கரை விளக்கம் அது. அதை நடத்துவது மினசோட்டா வரலாற்றுக் கழகம், சுற்றியுள்ள பூங்கா மாநில அரசினுடையது. பூங்காக்களுக்கான ஆண்டுச் சீட்டு வைத்திருந்தாலும் கலங்கரை விளக்கத்துக்குத் தனியாக டிக்கெட் வாங்க வேண்டும். காலண்டரில் பார்க்கும் அந்தப் படமோ கீழே பூங்காக் கரையிலிருந்து எடுப்பது. மேலே நின்று அந்தக் கோணத்தைத் தேடுவதில் பயனில்லை.

அருவிகளுக்காகவே போவதென்றால் ஆகஸ்ட் வேண்டாம். பனி உருகும் ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் அவற்றுக்குப் பருவம். ஜட்ஜ் மேக்னி பூங்காவின் டெவில்ஸ் கெட்டில் அருவியில் ஆற்றில் பாதி ஒரு பாறைக்குழிக்குள் விழுந்து காணாமல் போகும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று இன்னமும் யாருக்கும் தெரியாது என்பது பழைய கதை. அருவிக்கு மேலும் கீழும் நீரோட்டத்தை அளந்து, அளவு ஏறக்குறைய ஒன்றே என்பதால் தண்ணீர் கொஞ்சம் கீழேயே ஆற்றில் சேர்ந்துவிடுகிறது என்று 2017-இல் நீரியலாளர்கள் விளக்கிவிட்டார்கள். மூட்டுவலிக்காரர்களை அங்கே கூட்டிப்போக வேண்டாம்; நிறையப் படி ஏறி இறங்க வேண்டும்.

கோடைதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். டுலூத் நகருக்குள்ளேயே மேட்டில் வியர்க்கும், கரையில் நடுங்கும். ஏரித் தண்ணீரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ்தான். ஜூலையிலும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அலை அடிக்கும் நாளில் பாறை விளிம்புக்கே போகக் கூடாது. கரையில் அகேட் என்னும் வண்ணக் கல் பொறுக்க ஆசைப்பட்டால் மாநிலப் பூங்காவுக்கு வெளியே பொறுக்குங்கள், உள்ளே எடுத்துப்போக அனுமதி இல்லை.

கடைசியாக கிராண்ட் போர்ட்டேஜ் மாநிலப் பூங்கா. பிஜன் ஆற்றின் 120 அடி அருவி எல்லையிலேயே விழுவதால், பாஸ்போர்ட் இல்லையே என்று அங்கே போகாமல் திரும்புகிறவர்கள் உண்டு. அமெரிக்கப் பக்கத்திலிருந்து பார்க்க அது வேண்டியதில்லை. அரை மைல்தான், சக்கர நாற்காலியும் போகும் பாதை. சாலையில் மட்டும் பூங்கா நுழைவைத் தாண்டிவிடாதீர்கள், அடுத்து வருவது கனடா சோதனைச் சாவடி. எல்லைக்கு அப்பாலுள்ள தண்டர் பே நகர் வரை போகும் எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டோடு விசாவையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னே ஓடும்.