காய்ச்சல் 'தணிந்தது', 'தணித்தது': ஒரு சீன வினைச்சொல்லோடு என் அனுபவம்

சீன மொழி வகுப்பில் 'சியாவ்துய்' என்ற வினையை 'மங்குதல், குறைதல்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். 'மருந்து காய்ச்சலைக் குறைத்தது' என்று அதை வைத்து எழுதினேன். ஆசிரியை வாக்கியம் முழுவதையும் அடித்துவிட்டார். எத்தனை முறை அகராதியைப் புரட்டியும் காரணம் பிடிபடவில்லை.

விடை தமிழில்தான் இருந்தது. நாம் 'தணிந்தது' என்பதையும் 'தணித்தது' என்பதையும் குழப்புவதில்லை. சியாவ்துய் 'தணிந்தது' வகை: தானாக நிகழ்வது, செயப்படுபொருளை ஏற்காது. காய்ச்சலுக்கு 'ஷாவ் துய் லெ' என்றாலே போதும். 'காய்ச்சல் தணிந்தது' என்று பொருள். அதே 'துய்' காய்ச்சல் மாத்திரையின் பெயரான 'துய்ஷாவ்யாவ்' என்பதிலும் இருக்கிறது. அங்கே மட்டும் அது 'தணிக்கும்' என்று பொருள் தருகிறது!

அன்றிலிருந்து 'குறைதல்' என்று பொதுவாக எழுதுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு சீன வினைக்கும் அதனோடு சேரும் பெயர்ச்சொல்லையும் தமிழ் இணையையும் எழுதுகிறேன். வீக்கம் வடிவது சியாவ்துய். புயல் வலுவிழப்பது 'ஜியென்ருவோ'. இது 'இரைச்சலைக் குறைப்பது' என்று செயப்படுபொருளையும் ஏற்கும். பார்வையோ நினைவாற்றலோ மங்குவது 'ஜியென்துய்'. துணியில் சாயம் வெளுப்பது 'துய்ஸ'. இந்தத் 'துய்' ஒலியில் முன்னதைப் போலவே இருந்தாலும், எழுத்தின் இடப்பக்கம் துணியைக் குறிக்கும் உறுப்பு நிற்கிறது. அதைக் கவனித்த நாளில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

அடுத்த பயிற்சியில் 'மருந்து சாப்பிட்டேன், காய்ச்சல் தணிந்தது' என்று இரண்டாகப் பிரித்து எழுதினேன். ஆசிரியை எதையும் அடிக்கவில்லை.