தீபாவளிக்கு ஒரு பாட்டில் ஊறுகாய்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்து, இப்போது தாமான் என்னும் புதுக் குடியிருப்புக்குப் போய்விட்ட அத்தைக்குக் கடை பிஸ்கட் டின்னைவிட நம் கையால் போட்ட எலுமிச்சை ஊறுகாயைக் கொடுத்துப் பாருங்கள், அந்த முகமலர்ச்சிக்கே எல்லாம் தகும்.

மூன்று வாரம் முன்பே போடுங்கள். ஒரு கிலோ பழத்துக்கு 200 கிராம் கல்லுப்பு. பழத்தைக் கழுவி, துணியால் ஈரமே இல்லாமல் துடைத்து நறுக்க வேண்டும், நம் ஊர் மழைக்குக் கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் பூசணம் பிடித்துவிடும். கண்ணாடி பாட்டிலைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு நன்றாகக் காயவையுங்கள். மைலோ டின் வேண்டாம், புளிப்பும் உப்பும் தகரத்தை அரிக்கும்.

அப்புறம், போட்ட தேதியை எழுதி பாட்டிலில் ஒட்டிக் கொடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் என்றால் ஊறுகாய்க்குப் பதில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று.