மூக்குத்தியை முதல் நாளே கழற்றுங்கள்

“விதைன்னு சொல்றீங்களே தம்பி, உள்ளே முளைச்சிடாதா?” என்று கேட்டார் தாராவியிலிருந்து வந்த பாட்டி. மும்பையில் கதிர்வீச்சு இயற்பியலாளராக இருக்கும் என்னிடம் இப்படி நேராகக் கேட்பவர்கள் குறைவு. முளைக்காது. அது டைட்டானியக் குப்பி, நீளம் 4.5 மில்லிமீட்டர், தடிமன் 0.8. பார்க்கச் சீரகம் போல இருக்கும். உள்ளே அயோடின்-125 என்ற கதிர்வீச்சுப் பொருள். அதன் கதிர்தான் கட்டிக்கு மருந்து.

மூளைக் கட்டிக்குள் இதை வைக்கச் சம்மதிக்கும் முன், விதை உள்ளேயே இருக்குமா, சில நாளில் எடுத்துவிடுவார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது இதைப் பொறுத்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மூக்குத்தி. எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரம் பெரிய காந்தம், அதனால் முந்தின நாளே கழற்றிவிடுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காதே என்பார்கள். வாஸ்தவம்தான், ஆனால் திருகில் என்ன கலந்திருக்கிறதோ! படத்திலும் கறை விழும். பாட்டியின் மூக்குத்தி கல்யாணத்துக்குப் போட்டது. தேங்காய் எண்ணெய் விட்டும் அசையவில்லை. கடைசியில் பொற்கொல்லர்தான் கழற்றினார். எம்ஆர்ஐ நேரம் தவறிப்போனது.

சிகிச்சையன்று தலையில் நான்கு இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சட்டத்தைத் திருகி நிறுத்துவார்கள். ஊசி சுருக்கென்று வலிக்கும். பிறகு இறுக்கிக் கட்டிய தலைப்பாகை மாதிரி அழுத்தும், பழகிவிடும். சட்டத்தின் மேல் பெட்டி மாட்டி சிடி ஸ்கேன் எடுத்தால், படத்தின் ஓரத்தில் பெட்டியின் கம்பிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அவைதான் எங்களுக்கு மைல்கல். கட்டி இருக்கும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் கிடைத்துவிடும். எம்ஆர்ஐ படத்தை அதோடு பொருத்தி, ரத்தக் குழாய்களை ஒதுக்கிப் பாதை பிடிப்போம். நேரமாகிறதே என்று வெளியே பதறாதீர்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு மண்டையோட்டில் சிறு துளை, மெல்லிய குழாய், அதன் வழியே விதை.

விதை உள்ளேயே தங்கினாலும், இதன் கதிர் வலுக்குறைந்தது. பெரும்பகுதி திசுவிலும் எலும்பிலும் அடங்கிவிடும். சுமார் 60 நாளுக்கொருமுறை பாதியாகும். தட்டு, துணி தனியாக வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளில் போட்ட நாள்வரை குழந்தைகளை மடியில் வைக்காதீர்கள், கர்ப்பிணிகள் பக்கத்தில் படுக்க வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் எப்படி என்று பாட்டியின் மகன் கேட்டார். அம்மாவின் தலைமாடு சுவரோரம், குழந்தை கால்மாட்டுக்கும் அப்பால் என்று படம் வரைந்து கொடுத்தேன்.

தலைவலி கூடினாலோ, வாந்தி, வலிப்பு வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ உடனே கிளம்பி வாருங்கள்.

விதை இருப்பதாகச் சொல்லும் கார்டு எப்போதும் கூடவே இருக்கட்டும். சொல்லவே வாய் கூசுகிறது: நோயாளி இறந்துவிட்டால், தகனத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். இதைப் பாட்டியிடமே சொன்னேன். “சரி தம்பி” என்று கார்டை வாங்கி, சுருக்குப் பையில் வெற்றிலையோடு செருகிக்கொண்டார்.