ஏர்கூலர் ஓடும்போது எதிர் ஜன்னல் திறந்திருக்கட்டும்

ஏர்கூலரை வெளிக்காற்று நேராக வரும் ஜன்னலோரம் வைத்து, எதிர்ப்புறத்து ஜன்னலை நான்கு விரற்கடை அளவுக்காவது திறந்து வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. அந்த வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் ஏர்கூலர் குளிர்ச்சி தருகிறது. ஆனால் அடைத்த அறைக்குள் அந்த ஈரம் வெளியேற வழியின்றித் தேங்குவதால், அரைமணி ஒருமணி நேரத்திலேயே தண்ணீர் ஆவியாவது குறைந்து, உடம்பில் வியர்வையும் காயாமல், மின்விசிறி மட்டும் ஓடியபோது இருந்ததைவிடப் புழுக்கம் மிகுந்துவிடுகிறது. குளிர் போய்விடும் என்று அஞ்சிக் கதவு ஜன்னலை எல்லாம் சாத்துவது ஏசி அறைக்குச் சரி, ஏர்கூலருக்குப் பொருந்தாது.

மதுரையின் சித்திரை, வைகாசி வெயிலில், காற்று உலர்ந்திருக்கும் பிற்பகலில் இந்த முறை மிக நன்றாகப் பலன் தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் இது உதவாது. அப்போது தண்ணீர் பம்பை நிறுத்திவிட்டு வெறும் காற்றை மட்டும் ஓடவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில், தொட்டித் தண்ணீரை நாள்தோறும் மாற்றுவதையும் தவறவிட வேண்டாம்.