மலையில் தொடங்கிக் கடலில் முடியுங்கள்: கொழும்பிலிருந்து இருவர் முதுகுப்பையோடு புறப்படும் முறை

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை போய்ச் சேரும் காலி வீதி, ஏ2 நெடுஞ்சாலையாகக் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை எல்லாவற்றையும் கடந்து, ஊவா மலைகளின் அடிவாரத்திலுள்ள வெல்லவாயவில் முடிகிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையும் அதே வெல்லவாயவைத் தொட்டுக்கொண்டுதான் மொனராகலை, பொத்துவில் என்று கிழக்கே திரும்புகிறது. கணவனும் மனைவியுமாக இருவர், வாகனம் பிடிக்காமல், மலை, குகை, கடற்கரை மூன்றையும் எட்டு அல்லது பத்து நாளில் பார்த்துவர விரும்பினால் இந்தச் சந்தியை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து புகையிரதத்தில் மலையேறி, அட்டன், அப்புத்தளை, எல்ல என்று நகர்ந்து, எல்லயில் குகையைப் பார்த்துவிட்டு வெல்லவாயவுக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து கிழக்குக் கடலுக்குப் போவதா தெற்குக் கடலுக்குப் போவதா என்பதைக் காற்று முடிவு செய்யும்.

காற்றைப் பற்றி நம்மவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வாடை, சோளகம், கச்சான் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பவர்கள் நாம். ஆனாலும் விடுமுறை கிடைத்ததும் பருவத்தை மறந்து அறை பதிவு செய்வதுதான் வழக்கமாக இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளில் கடலைக் கொந்தளிக்க வைக்கும். அதே மாதங்களில், மலையில் மழையைத் தொலைத்துவிட்ட கச்சான் காற்று கிழக்கே வீச, அந்தக் கரையிலுள்ள அறுகம்பை, பாசிக்குடா, நிலாவெளி ஆகியவை நல்ல நிலையில் இருக்கும். டிசெம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை தெற்குக் கரையில் உனவட்டுன, மிரிச, தங்காலை பக்கம் கடல் அடங்கியிருக்கும். ஒக்டோபரும் நவம்பரும் எந்தக் கரைக்கும் உறுதி தராத மாதங்கள் என்பதோடு மலைநாட்டில் மண்சரிவு அபாயமும் கூடுகிற காலம் என்பதால், அப்போது வீட்டில் இருப்பதே என் ஆலோசனை.

மலை முதலில், கடல் கடைசியில் என்ற வரிசையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் முறை நாங்கள் அதை மாற்றிச் செய்தோம். மூன்று நாள் கடலில் கிடந்துவிட்டு, உப்பும் மணலும் ஏறிய உடுப்போடு, வெயிலில் கருகிய தோளில் பையின் பட்டி உராய உராய மலையேறினோம்; குளிரில் எதுவும் காயவில்லை. மலையில் கால் நொந்தபின் கடல்நீரில் நிற்பது சுகம், கடலில் சோம்பல் பழகியபின் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து படியேறுவது தண்டனை. ஈரமான துணி முழுவதும் கடற்கரை வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிடுவது இன்னொரு இலாபம்.

அடுத்தது பை. இருவர் போகிறோம் என்றால் எல்லாம் இரண்டு வேண்டும் என்று நினைப்பதில்தான் பாரம் கூடுகிறது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு பாயை விரித்து, கொண்டுபோக நினைப்பவை அனைத்தையும் அதில் பரப்புங்கள். இரண்டு பற்பசை, இரண்டு சவர்க்காரப் பெட்டி, இரண்டு சார்ஜர், இரண்டு சித்தாலேப வலிக்களிம்புப் போத்தல் என்று சோடி சோடியாகக் கண்ணில் படும். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றை எடுத்து அலுமாரியில் வையுங்கள். ஆளுக்கு மூன்று மேலுடுப்பு, இரண்டு நீளக் காற்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு மழையங்கி போதும். துவாய்க்குப் பதிலாக ஆளுக்கொரு பருத்திச் சாரம் வையுங்கள். அதுவே துவாய், படுக்கை விரிப்பு, விகாரைக்குள் முழங்காலை மறைக்கும் துணி, பஸ்ஸில் தலைக்குச் சுருட்டி வைக்கும் தலையணை; கடற்கரையில் உடை மாற்ற மறைப்பும் அதுதான். பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு பை எட்டுக் கிலோவைத் தாண்டினால் மறுபடி பாயில் கொட்டுங்கள், ஏனெனில் இரண்டு லீற்றர் தண்ணீர் சேர்ந்ததும் அது பத்தாகிவிடும்.

எந்தப் பொருள் யார் பையில் என்பதையும் அப்போதே தீர்மானிக்க வேண்டும். "இஞ்சருங்கோ, மழைக்கோட்டு உங்கட பையிலயா, என்ர பையிலயா?" என்று நனைந்துகொண்டே இரண்டு பையையும் நடுவழியில் திறந்து பார்த்த அனுபவம் எங்களுக்கு உண்டு. இப்போது மழையங்கியும் தண்ணீரும் விளக்கும் அவரவர் பையில். மருந்து என்னிடம், உணவு அவரிடம். காசை மட்டும் இரண்டாகப் பிரித்து வைக்கிறோம். மருந்தில் பனடோல், ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்), ஒட்டுப் பிளாஸ்டர், புண் மருந்து, நுளம்புக்குப் பூசும் களிம்பு, வழக்கமாக எடுக்கும் குளிசைகள் ஆகியவை இருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை இருவரிடமும் அசலாக இருக்கட்டும்: விடுதிகளில் இருவருடையதையும் கேட்பார்கள், தேசிய பூங்காக்களில் உள்ளூர்க் கட்டணம் பெறவும் அது தேவை.

பெரிய பயணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே பைகளை இதே எடையோடு சுமந்து ஒத்திகை பாருங்கள். அதற்கு நான் சொல்லும் இடம் களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாகியங்கல குகை. ஹொரணை வரை ஒரு பஸ், அங்கிருந்து புளத்சிங்களவுக்கு இன்னொன்று, கடைசித் துண்டுக்கு ஓட்டோ. படியேறிப் போனால் மழைக்காடுகளுக்கு நடுவே வாய் பிளந்து நிற்கும் பெரிய பாறைக் குகை வரும். தெற்காசியாவில் நவீன மனிதர் வாழ்ந்ததற்கான மிகப் பழைய எச்சங்களுள் சில இங்கேதான் கிடைத்தன. சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே குரங்கையும் அணிலையும் வேட்டையாடி, குரங்கெலும்பில் கூர்முனைக் கருவி செய்த மக்கள் அவர்கள். சீன யாத்திரிகர் பாஹியான் தங்கிய குகை என்ற ஊர்க் கதையிலிருந்து அதன் பெயர் வந்தது. ஒத்திகையின் பயன் மாலையில் தெரியும்: எந்தப் பட்டி தோளை அறுக்கிறது, எந்தச் சப்பாத்து குதிக்காலைக் கடிக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டால், கோட்டைக்கு ஓடிப்போய் வேறொன்று வாங்க நேரம் இருக்கும்.

பதுளை செல்லும் புகையிரதத்தின் முன்பதிவு இருக்கைகள் மிக விரைவில் தீர்ந்துவிடுகின்றன; கிடைக்காவிட்டால் மனமுடைய வேண்டாம். முன்பதிவில்லாத பெட்டியில் கோட்டையிலேயே ஏறி, இருவரில் ஒருவர் பைகளோடு நிற்க மற்றவர் இடம் பிடித்தால் சமாளிக்கலாம். போயா (பௌர்ணமி) தினத்தை ஒட்டிய நீண்ட விடுமுறையில் மட்டும் அதை முயலாதீர்கள். மழைக்காலத்தில் பாதை மூடப்படுவதும் சேவைகள் குறைக்கப்படுவதும் உண்டாகையால், புறப்படும் வாரத்தில் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இலங்கையின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொல, 1,891 மீற்றரில் இருக்கிறது. அதை விட்டதும் வரும் சுரங்கத்தைக் கவனியுங்கள். இந்தப் பக்கம் புகார் மூடி, யன்னலில் நீர் வழிய நுழைந்த வண்டி, சில நேரம் ஒஹிய பக்கம் பளீரென்ற வெயிலில் வெளியே வரும். இரண்டு பருவக்காற்றும் மலையின் இரு தோள்களில் பிரிவதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை.

எந்த மலையில் ஏறுவது என்பதையும் மாதம்தான் சொல்லும். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்கு டிசெம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரைதான் யாத்திரைக் காலம். அட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய், மாலையில் தூங்கி, இரவு ஒன்றரை அல்லது இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் விடியலுக்கு உச்சியில் நிற்கலாம். பெரிய பைகளை விடுதியிலேயே விட்டுவிட்டு, இருவருக்கும் பொதுவாக ஒரு சிறு பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கம்பளிச் சட்டையும் மாற்று மேலுடுப்பும் இருக்கட்டும். வியர்த்த உடுப்போடு உச்சிக் காற்றில் காத்திருப்பதுதான் பலருக்குக் காய்ச்சலைக் கொண்டுவருகிறது. சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். வானம் தெளிந்திருந்தால் மலையின் நிழல் அச்சடித்தது போன்ற முக்கோணமாக முகிலின்மேல் விழும். ஏறுவது மூச்சை வாங்கும் என்றால் இறங்குவது முழங்காலை வாங்கும். ஒரு தடி பிடித்து, மெதுவாகச் சாய்ந்து இறங்குங்கள்.

யாத்திரைக் காலம் இல்லாத மாதங்களில் அங்கே விளக்கும் தேநீர்க்கடையும் இருக்காது, மழையும் காற்றும் மட்டும் இருக்கும். அப்போது ஓட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குப் போகலாம். உலக முடிவு எனப்படும் செங்குத்துச் சரிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவரும் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நடை அது. காலை ஒன்பது பத்து மணிக்குப் பிறகு புகார் ஏறிவிட்டால் சரிவுக்குப் பதில் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். ஆகவே விடியுமுன் வாசலில் நிற்குமாறு ஒஹியவிலோ அப்புத்தளையிலோ வண்டி பேசி வைப்பது அவசியம். வாசலில் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். ரொட்டியையும் கட்டைச்சம்பலையும் வாழையிலையிலோ சாப்பாட்டுப் பெட்டியிலோ கட்டிக்கொண்டு போங்கள்.

ஈரமான மலைக்காடுகளில் நடந்தால் அட்டை ஏறும். காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகி, காலுறையின்மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். ஒருமுறை என் கணுக்காலில் ஒன்று தீக்குச்சி அளவில் தொடங்கி, நான் கவனித்தபோது நாவற்பழம்போல் பருத்திருந்தது. பிடித்து இழுக்காமல், மெல்லிய முனையின் அடியில் விரல் நகத்தை விட்டு வழித்துத் தள்ளினேன், விழுந்துவிட்டது. வலி இல்லை, ஆனால் இரத்தம் சீக்கிரம் நிற்காது. கழுவி, பிளாஸ்டர் ஒட்டி, நடையைத் தொடரலாம்.

எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கீழேயோ பக்கத்திலோ நின்று பாருங்கள், தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. குகைக்குத்தான் கவனம் வேண்டும். வெல்லவாய வீதியிலிருந்து பிரிந்து ஏறும் இராவணன் குகையில் படிகள் முடிந்தபின் வழுக்கும் மண்ணும் பாறையும் வருகின்றன. செருப்போடு வருபவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். தொலைபேசியின் வெளிச்சத்தை நம்பி உள்ளே போகாதீர்கள். கையால் பிடித்து ஏறவேண்டிய இடத்தில் ஒரு கை போய்விடும் என்பதால் தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்றும், பொதுவாக மேலும் ஒன்றும் வேண்டும். வௌவால்கள் அடையும் எந்தக் குகையிலும் முகக்கவசம் அணியுங்கள். அவற்றின் எச்சம் காய்ந்து தூசாகப் பறக்கும் இடத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சணம் இருக்கக்கூடும். குளவிக்கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் திரும்பிவிட வேண்டும். மழை பெய்துகொண்டிருந்தால், வாசல் எவ்வளவு அருகில் என்றாலும், அன்று உள்ளே போக வேண்டாம்.

வெல்லவாயவில் இறங்கியதும், ஆண்டின் நடுப்பகுதியானால் மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக, அறுகம்பைக்கு அருகிலுள்ள பொத்துவிலுக்கு பஸ் மாறுங்கள். சியம்பலாண்டுவவுக்கும் பொத்துவிலுக்கும் இடையே லகுகலையில் யானைகள் வீதிக்கு வரும் என்பதால் அந்தத் துண்டைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். ஓட்டோவில் போகிறீர்கள் என்றால் கட்டாயம். பொத்துவில் முஸ்லிம் மக்கள் தமிழ் பேசும் ஊர். விலை பேசவும் வழி கேட்கவும் மொழிச் சிக்கல் இல்லை. கடற்கரையில் நீச்சலுடை பரவாயில்லை, கடைத்தெருவுக்கு வரும்போது சாரத்தையோ நீள உடையையோ சுற்றிக்கொள்வது அந்த ஊருக்கு நாம் தரும் மரியாதை. ஆண்டின் தொடக்க மாதங்களானால் தனமல்வில வழியாகத் தங்காலை, மிரிச பக்கம் இறங்குங்கள்.

வெள்ளவத்தையில் வளர்ந்த நாங்கள் தண்டவாளத்துக்கு அப்பால் நாளெல்லாம் கடலைப் பார்த்தோம், ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. அதனால் இழுவை நீரோட்டத்தைக் கரையில் நின்றே அடையாளம் காணப் பழக வேண்டும். இரு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அலையின்றி அமைதியாக, கலங்கிய நிறத்தில் தெரிந்தால், கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வழி அதுதான். அமைதியாக இருக்கிறதே என்று பலர் அதில்தான் இறங்குகிறார்கள். அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பின்னரே திரும்ப வேண்டும். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்துங்கள். மற்றவர் பின்னாலேயே பாயக்கூடாது. மிதக்கக்கூடிய எதையாவது எறிந்துவிட்டு ஆட்களைக் கூப்பிட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஆழத்துக்குப் போவதில்லை, ஒருவர் எப்போதும் கரையில் என்பது எங்கள் விதி. 1990 அம்புலன்ஸுக்கும் 119 பொலிசுக்கும் உரிய இலக்கங்கள். இரண்டையும் தொலைபேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

வீடு திரும்பியதும் படுக்கப் போகாமல் அதே பாயை விரித்துப் பைகளைக் கொட்டுங்கள். ஒருமுறைகூடப் பயன்படாத பொருட்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள், மருந்தைத் தவிர. பையை நன்னீரில் அலசி, சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு நாளில் காய்ந்துவிடும்.