ஏழு ஹார்லிக்ஸ் பாட்டில்கள்

ஒடுகத்தூர் பக்கத்தில் மாமா ஒருவருக்கு வாயில் புற்றுநோய். வேலூரில் கீமோ ஏற்றிக்கொண்டு வந்த மறுநாள் பார்க்கப் போனேன். திண்ணையில் எனக்கு முன்பே பத்துப் பேர். அலமாரியில் ஏழு ஹார்லிக்ஸ் பாட்டில்கள்; வாய்ப்புண்ணில் மாமாவுக்குத் தண்ணீரே இறங்கவில்லை. அத்தை எங்கள் அத்தனை பேருக்கும் காப்பி கலந்துகொண்டிருந்தார். கொல்லையில் மாடு மடி கனத்துக் கத்தியது. சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நேரம் தாண்டிவிட்டது. காப்பியை நானும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

கூட்டமாகப் போய் நிற்பதுதான் முதல் தவறு. கீமோ முடிந்த ஓரிரு வாரங்களில் நோயாளியின் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். நமக்குச் சாதாரணச் சளி, அவருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை. போகாமல் இருந்தால் ஊர் என்ன பேசும் என்று நினைத்துப் போகிறவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

அடுத்தது, எல்லோரும் வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்வது: “ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.” அவர்கள் சொல்லமாட்டார்கள். கூச்சம் ஒரு பக்கம். எதைக் கேட்பது என்று யோசிக்கக்கூட நேரம் இல்லாதது இன்னொரு பக்கம். வேலையையும் கிழமையையும் நாமே சொல்லிவிட வேண்டும். “செவ்வாயும் புதனும் மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.” “இந்த முறை ஆஸ்பத்திரிக்கு நான் உடன் போகிறேன், நீங்கள் தூங்குங்கள்.” ஊரில் ‘கரண்ட்’ என்று சொல்லும் கதிர்வீச்சு வைக்கும் காலத்தில் இது இன்னும் அவசியம். அது பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள் நடக்கும். உடன் இருப்பவர் வேலூரில் அறை எடுத்துத் தங்கினால் ஊரில் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?

காகித வேலையையும் அவர்கள் தலையிலேயே விடுகிறோம். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் பிடிப்பதும் வேலூர் கலெக்டர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்கு அலைவதும் இளவட்டங்கள் செய்யக்கூடிய வேலை. வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர். ஆற்காடு, வாலாஜாக்காரர்களுக்கு ராணிப்பேட்டை. பழைய நினைப்பில் வேலூருக்கு வந்து ஒரு நாள் கூலியைத் தொலைக்க வேண்டாம்.

வைத்தியம் சொல்லாதீர்கள். பப்பாளி இலைச் சாறும் மலைமேல் இருந்து வரும் வேர்ப்பொடியும் மாமா வீட்டு வாசலுக்கும் வந்தன. சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும், ஈரலைக் கெடுக்கும். வேண்டாம் என்று அத்தை மறுத்தால், கட்டியவனைக் காப்பாற்ற மனசில்லாதவள் என்ற பேச்சு. டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று உறவில் பெரியவர் ஒருவர் சத்தமாகச் சொல்லிவிட்டால் அத்தைக்குப் பாதிப் பாரம் குறையும்.

காய்ச்சலில்தான் உயிரே போகிறது. கீமோ நாட்களில் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டு விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். 108 இருக்கிறது. அது வரத் தாமதமானால் தெருவில் யார் வண்டி எடுப்பார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையை ‘போதை மருந்து’ என்று சொல்லி நிறுத்தச் செய்கிறவர்களும் உண்டு. டாக்டர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்குக் கொடுத்தால் அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து தருவார்கள். வலியில் ஒருவர் கத்தும் இரவில் பக்கத்தில் விழித்திருப்பது அறிவுரை சொன்னவர் அல்ல. படுத்த படுக்கையானால், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். கிராம நர்ஸிடம் கேளுங்கள்.

அத்தைக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரை தீர்ந்து பத்து நாளாகியிருந்ததை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. அடுத்த முறை அந்த மாத்திரையும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிப் போனேன். எனக்குப் பால் கறக்கத் தெரியாது. செவ்வாயும் புதனும் தம்பி போய்க் கறந்து ஊற்றிவிட்டு வருகிறான்.